காப்பி மிஷினில் அரைத்த கோதுமை

அன்புத் தம்பிக்கு,

‘புல்வெளிச் சிறுமி லாரா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பற்றி நீ எழுதியதில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அமெரிக்க டிவி தொடரைப் பார்த்து ஜப்பான்காரர்கள் அடித்த காப்பி" என்கிறாய். இதைச் சொல்பவர்கள் பலர். நீயும் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் சந்தேகத்துக்குக் காரணம் தேதிகள். அமெரிக்கத் தொடர் 1974 செப்டம்பரில் தொடங்கியது. நிப்பான் அனிமேஷன் தயாரித்த லாரா, டிபிஎஸ் அலைவரிசையில் 1975 அக்டோபர் முதல் 1976 மார்ச் வரை 26 பகுதிகளாக ஓடியது. முன்னதன் புகழ் பின்னதற்கு உதவியிருக்கலாம். ஆனால் இரண்டு தொடர்களுக்கும் மூலம், தன் இளமை வாழ்க்கையை வைத்து லாரா இங்கால்ஸ் வைல்டர் எழுதிய நாவல்கள். அவர் ஜப்பானிய வாசகர்களிடம் போய்ச் சேர்ந்து அப்போதே கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அவருடைய ‘நீண்ட குளிர்காலம்’ 1949-இலேயே ஜப்பானிய மொழியில் வெளிவந்துவிட்டது.

அந்த ஆண்டை மனத்தில் நிறுத்து. போரில் தோற்று, அமெரிக்க ராணுவ நிர்வாகத்தின் கீழ் இருந்த நாடு. அமெரிக்க நூல்களை மொழிபெயர்க்கும்படி ஊக்கியதும் அதே நிர்வாகம்தான். அதற்கு அரசியல் நோக்கம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மக்கள் ரேஷனையும் பசியையும் நன்றாக அறிந்திருந்த காலம் அது. அவர்கள் கைக்கு வந்த கதை என்ன? 1880-81 குளிர்காலத்தில் டக்கோட்டாவின் டி ஸ்மெட் என்ற சிற்றூர் பனிப்புயலில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வரவில்லை. நிலக்கரி தீர்ந்தபின் வைக்கோலை முறுக்கிக் கட்டையாக்கி எரிக்கிறார்கள். மாவும் தீர்கிறது. மிஞ்சியது கோதுமை மணி; அதை அரைக்க லாராவின் வீட்டில் இருப்பதோ காப்பிக்கொட்டை அரைக்கும் சின்னக் கைமிஷின். வீட்டில் உள்ளவர்கள் மாறி மாறிச் சுற்றுகிறார்கள். ஒருவர் கை ஓய்ந்தால் அடுத்தவர். அன்றைய ரொட்டிக்கு அன்றன்றே அரைக்க வேண்டும்; நிறுத்தினால் மறுவேளை பட்டினி. மே மாதம் ரயில் வரும்வரை இதுதான் வாழ்க்கை.

இந்த மிஷின் காட்சியை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். வீரதீரச் செயல் என்று அதில் எதுவும் இல்லை. சலிப்பூட்டும் ஒரே வேலை, தினமும். ஜப்பான் லாராவைத் தன்னவளாக ஏற்றது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. வீட்டு வேலையையே கதையாக்குவது ஜப்பானிய அனிமேஷனுக்குக் கைவந்த கலை. 1974-இல் இசாவோ தகாஹாதா இயக்கிய ‘ஹைடி’ அனிமேஷன் தொடரைப் பார். அதற்காக அந்தக் குழு, கதை நடக்கும் சுவிட்சர்லாந்துக்கே நேரில் போய் மலையையும் வீடுகளையும் பார்த்து வந்தது. நெருப்பில் உருகும் சீஸுக்கும் வைக்கோல் படுக்கைக்கும் ஒரு முழுக் காட்சியின் நேரத்தைக் கொடுத்தது. லாரா வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஹைடியைப் பார்க்காமல் லாராவை எடைபோடாதே.

‘அசல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்து. வைல்டர் முதலில் எழுதி, அவர் காலத்தில் அச்சேறாமலே போன தன்வரலாறு ‘முன்னோடிப் பெண்’ என்ற பெயரில் 2014-இல் வெளியானது. கட்டாயம் படி. அந்தக் குளிர்காலத்தில் இங்கால்ஸ் வீட்டில் கைக்குழந்தையோடு இன்னொரு தம்பதியும் தங்கியிருந்தார்கள் என்பது அதில் இருக்கிறது. நாவலில் அவர்கள் இல்லை. குடும்பம் தன்னந்தனியாகத் தாக்குப்பிடித்தது என்று காட்ட அவர்களை நீக்கிவிட்டார். ஆக, நீ அசல் என்று நம்புவதே ஒரு தேர்வுதான். எதை வைத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள் என்று கேட்கத் தெரியாதவன் காப்பி, அசல் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இன்னொரு விடுபடல் இதைவிடப் பெரியது. கான்சாஸில் 1869-இல் அந்தக் குடும்பம் வீடு கட்டியது ஓசேஜ் மக்களுக்குரிய நிலத்தில். வெள்ளையர் குடியேற அங்கே சட்ட அனுமதி கிடையாது. அப்போது லாராவுக்கு இரண்டு வயது. அந்த நாட்களைச் சொல்லி 1935-இல் வந்த நாவலிலோ அவள் விவரம் தெரிந்த சிறுமியாக வருகிறாள். அந்த நூல்களில் பழங்குடியினர் சித்திரிக்கப்பட்ட விதத்துக்காகவே அமெரிக்க நூலகச் சங்கம் 2018-இல் வைல்டர் பெயரில் இருந்த விருதின் பெயரை மாற்றியது. உழைப்பை மதிப்பதும் அந்த உழைப்பு யார் நிலத்தில் நடந்தது என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. இரண்டும் தெரிந்து பார்ப்பவனே முழு வாசகன்.

எனவே தொடரை முதலிலிருந்து மறுபடி பார். ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுது: சாப்பாடு எங்கிருந்து வந்தது, அதற்காக யார் கை வலித்தது, அந்த மண் யாருடையது? நாவல்களைப் படித்துவிட்டு அதே கேள்விகளுக்கு மறுபடியும் எழுது. இரண்டு பட்டியலும் எங்கே பிரிகின்றன என்று எனக்கு எழுது. பிறகு பேசலாம், யார் யாரைக் காப்பி அடித்தார்கள் என்று.

அன்புடன்,
உன் ஆசிரியர்