மீட்டரும் ஒரு தராசே
பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

தராசில் விரலை வைத்து நிறுப்பவனை எவரும் வியாபாரி என்று மதிப்பதில்லை. அளவிலும் நிறையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கவே திருக்குர்ஆனில் முதஃப்பிஃபீன் என்னும் 83ஆம் அத்தியாயம் அமைந்துள்ளது. காரின் முன்பலகையில் ஓடும் மீட்டரும் ஓர் அளவையே. வண்டி ஓடிய தூரத்தை அது காட்டுகிறது. அந்தத் தூரத்தைக் கொண்டே விலை பேசப்படுகிறது. ஆகவே அந்த எண்ணைத் திருத்தி வைப்பதும் கள்ளப் படிக்கல் வைப்பதும் ஒன்றேயாம்.

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் ஆகிய ஊர்களில் நம்மவர் பலருக்கு வண்டியின்றி வியாபாரம் இல்லை. மளிகைக்கும் துணிக்கும் உணவுக்கடைக்கும் சரக்கு எடுக்க வேன் வேண்டும். குடும்பத்துக்குக் கார் வேண்டும். புது வண்டிக்கு முதல் போதாதபோது பழைய வண்டியை நாடுகிறோம். அதில் தவறில்லை. ஆனால் 160,000 கிலோமீட்டர் ஓடிய வேனை 60,000 என்று நம்பி வாங்கினால் நஷ்டம் விலையோடு நிற்காது. மாற்றவேண்டிய டைமிங் பெல்ட்டை இன்னும் காலமிருக்கிறதென்று விட்டுவிடுவோம். அது அறுந்தால் பல எஞ்சின்கள் உள்ளே உடைந்து பாழாகும். தேய்ந்த பிரேக்கோடு நெடுஞ்சாலையில் செல்வோர் நம் வேலையாட்களும் பிள்ளைகளுமே என்பதை மறக்கலாகாது.

இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் சில்லறை மோசடி அன்று. ஆண்டுதோறும் 450,000க்கு மேற்பட்ட வண்டிகள் பொய் மீட்டருடன் விற்பனையாவதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா மதிப்பிட்டுள்ளது. 1987இல் கிரைஸ்லர் கம்பெனி மீதே வழக்கு வந்தது. அதன் அதிகாரிகள் மீட்டர் இணைப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிய கார்கள் புதியவையாக விற்கப்பட்டன என்பது குற்றச்சாட்டு. அதன் தலைவர் லீ ஐயக்கோக்கா பகிரங்கமாகத் தவற்றை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

முற்காலத்து மீட்டரில் எண் சக்கரங்களைக் கையால் திருப்பினார்கள். வரிசை பிசகிய எண்களே குற்றத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய மீட்டரில் அந்த எண் ஒரு சிறு மின்னணுச் சில்லில் பதிந்திருக்கிறது. தக்க கருவி உடையவன் சில நிமிடங்களில் அதை மாற்றிவிடலாம், கீறல்கூட விழாது. எனவே மீட்டரின் முகத்தைப் பார்த்து உண்மை அறிய இயலாது.

பின் எப்படி அறிவது? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று விற்றவரைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. வாங்குவோருக்கும் விற்போருக்கும் அதில் பாடம் உண்டு. மீட்டர் என்பது குவியலின் மேற்புறம். நாம் கையை உள்ளே விட வேண்டும். அதற்குரிய வழிகள் வருமாறு:

1. முதலில் கணக்குப் போடுக. சாதாரண உபயோகத்துக்கு ஆண்டுக்கு 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் என்று கொள்வது வழக்கம். வண்டி என்ன வேலை பார்த்தது என்று கேளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து அலோர்ஸ்டார் போய்வர ஏறத்தாழ 180 கிலோமீட்டர். வாரம் ஐந்து நாள் சரக்குக் கொண்டுபோன வேன் ஓர் ஆண்டிலேயே 45,000 தாண்டியிருக்கும். அத்தகைய வேன் ஐந்தாம் ஆண்டில் 60,000 காட்டினால் எங்கோ பொய் இருக்கிறது.

2. காகிதங்களைக் கேளுங்கள். சர்வீஸ் புத்தகம், பட்டறை ரசீதுகள், கண்ணாடியில் ஒட்டிய எண்ணெய் மாற்றும் சீட்டு, எஞ்சின் அருகே ஒட்டிய டைமிங் பெல்ட் சீட்டு ஆகியவற்றில் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருக்கும். அவற்றைத் தேதி வரிசையில் வைத்துப் பாருங்கள். எண் ஏறிக்கொண்டே வரவேண்டும். ஓரிடத்தில் இறங்கினால் சந்தேகம் உறுதிப்படும். புத்தகம் தொலைந்துவிட்டது என்பாராயின், வண்டியின் உரிமையாளரை உடன்அழைத்துக்கொண்டு அக்கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்குச் சென்று பதிவைக் கேட்கலாம். உடன்வர மறுப்பதும் ஒரு பதில்தான்.

3. கையும் காலும் படும் இடங்களைப் பாருங்கள். பெடல் ரப்பர், ஸ்டீரிங், கியர் பிடி, டிரைவர் ஆசனத்தின் வெளியோரம், கண்ணாடி ஏற்றும் பொத்தான் ஆகியவை தேய்ந்திருக்க, மீட்டர் 40,000 காட்டுவது பொருந்தாது. பழைய வண்டியில் இவை மட்டும் பளபளவென்று புதியவையாக இருந்தாலும் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

4. டயரைப் படியுங்கள். அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்று வயதும் 20,000 கிலோமீட்டரும் உடையதாகச் சொல்லும் காரில் நான்கு டயரும் சென்ற ஆண்டு செய்தவையாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். முதல் டயர்கள் அவ்வளவு சீக்கிரம் தேய்வது அபூர்வம்.

5. மெக்கானிக்கைக் கொண்டு கருவியால் சோதியுங்கள். சில வண்டிகளில் எஞ்சின், கியர், பிரேக் ஆகியவற்றின் மின்னணுப் பெட்டிகளிலும் ஓடிய தூரமோ எஞ்சின் ஓடிய மணிக்கணக்கோ பதிந்திருக்கும். மீட்டரைத் திருத்தியவன் இவற்றை மறந்திருக்கக்கூடும். மீட்டர் 60,000 கிலோமீட்டர், எஞ்சின் 4,000 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். பாலத்து நெரிசலைச் சேர்த்துக்கொண்டாலும் இது நம்பத்தக்கதன்று.

6. இறக்குமதியான ரீகாண்ட் காராயின், ஜப்பானிய ஏலத்தின் மூலச் சீட்டைக் கேளுங்கள். பிரிட்டனிலிருந்து வந்ததாயின், அந்நாட்டு ஆண்டுச் சோதனைப் பதிவை அதன் பழைய நம்பரைக் கொண்டு அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே கணக்கு மைலில் இருக்கும். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஓர் அடையாளத்தை மட்டும் கண்டு ஒருவரைத் திருடன் என்று சொல்லிவிடலாகாது. பழுதான மீட்டரை நியாயமாகவே மாற்றியிருக்கலாம். அதற்கு ரசீது இருக்கும். டிரைவர் முரடராக இருந்தால் ஆசனம் விரைவில் கிழியும். இரண்டு மூன்று சாட்சிகள் ஒன்றுசேர்ந்து மீட்டருக்கு எதிராகப் பேசினால், விலையைக் குறைத்துக் கேட்பதைவிட விலகிவிடுவதே மேல். மேலும், உரிமை மாற்றத்துக்கான சோதனை வண்டியின் அடையாளத்தையும் பாதுகாப்பையும் பார்ப்பதற்கே ஏற்பட்டது. அதில் தேறியதால் மட்டும் மீட்டர் மெய்யாகிவிடாது.

பணம் கொடுக்கும் முன் மீட்டர் எண்ணையும், அது உண்மையானதே என்ற உறுதியையும் விற்பனைச் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றில் போய்விடும். மலேசியாவின் 2011ஆம் ஆண்டு வர்த்தக விவரணைச் சட்டப்படி வியாபாரத்தில் பொருளைப் பற்றிப் பொய் விவரம் தருவது குற்றம். தனியாளுக்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். கம்பெனிக்கு 250,000 வெள்ளி வரை அபராதம். சொந்த உபயோகத்துக்கு வியாபாரியிடம் வாங்கி ஏமாந்தவர், மூன்றாண்டுக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். எங்கே சென்றாலும் கையிலுள்ள சீட்டே பேசும்.

இதுவரை வாங்குவோர் பக்கம் பேசினோம். நாமே பழைய வேனை விற்கும் நாளும் வரும். அப்போது இடைத்தரகர், "மீட்டரைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் ஐயாயிரம் வெள்ளி கூடக் கிடைக்கும்" என்று சொல்லக்கூடும். நம் கடைப் படிக்கல்லைக் குறைத்துக் கொடுக்கச் சொன்னால் அவரை என்ன செய்வோமோ, அதையே செய்ய வேண்டும். முன்னிருந்தவர் திருத்தியது என்று தெரிந்தாலும், எனக்குத் தெரியாது என்று மௌனமாயிருப்பது போதாது. ஈரத்தை மேலே வைத்தே விற்க வேண்டும். குறைந்த ஐயாயிரம் அடுத்த மாத வியாபாரத்தில் வந்துவிடும். இந்த ஊரில் நம் கடைகளுக்குத் தலைமுறைகளாய் வந்த நாணயப் பெயர் ஒருமுறை போனால் எந்தக் கருவி கொண்டும் திருப்பி வைக்க இயலாது.