பூனையைப் படம் பிடிக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

செல்போனை எடுத்ததுமே பூனை முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். இல்லாவிட்டால் நேராக வந்து லென்ஸிலேயே மூக்கைத் தேய்க்கும். அதன் குணத்தை நம்மால் மாற்ற முடியாது. நேரம், வெளிச்சம், இடம் மூன்றும் நம் கையில் இருக்கின்றன.

செய்ய வேண்டியவை

• நேரம் பார்த்து எடுங்கள். பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். ஓட்டமும் குதியும் பெரும்பாலும் விடியற்காலையிலும் அந்தியிலும்தான். சாப்பிட்டு முடித்து, பாதத்தை நக்கி முகம் துடைக்கும் நேரம் நல்ல நேரம். அப்போது அது நம்மைச் சட்டை செய்யாது.

• ஜன்னலோரம் ஒரு அட்டைப்பெட்டியோ, அது வழக்கமாகப் படுக்கும் பழைய துண்டோ போட்டு வையுங்கள். கூப்பிடாமலே வந்து உட்காரும். பக்கவாட்டு வெளிச்சத்தில் மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

• தரையில் படுத்து, அதன் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள். நின்றபடி எடுத்தால் தலையும் முதுகும்தான் விழும். ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும்.

• விளையாடும்போது பர்ஸ்ட் மோடில் தொடர்ந்து எடுங்கள். கேமராவானால் ஷட்டர் வேகம் 1/500 நொடி வேண்டும்.

• கறுப்புப் பூனையைக் கேமரா சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். வெள்ளைப் பூனைக்கு ஒரு படி கூட்டுங்கள்.

• தீனிப் பாக்கெட்டை லென்ஸுக்கு மேலே பிடித்து ஒருமுறை கசக்குங்கள். காது நிமிரும், கண் விரியும். அந்த நொடியில் அழுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பக் கசக்கினால் ஏமாற்று வேலை என்று புரிந்துகொண்டு, ஏறிட்டும் பார்க்காது.

செய்யக்கூடாதவை

• ஃப்ளாஷ் போடாதீர்கள். பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் கண் பச்சையாகப் பளபளக்கும். பூனையும் மிரளும்.

• அமுக்கிப் பிடித்து உட்காரவைக்காதீர்கள். வால் நுனி வெடுக்கு வெடுக்கென்று அடித்தால், காது பக்கவாட்டில் மடிந்தால் கேமராவைக் கீழே வையுங்கள். அடுத்து வருவது நகம்தான்.

• கிருஷ்ண ஜெயந்திக்கு மயிலிறகும் கிரீடமும் கட்டிவிடாதீர்கள். அசையாமல் உறைந்து நிற்கும் பூனை பயந்துபோயிருக்கிறது, போஸ் கொடுக்கவில்லை.

• நூல், ரிப்பன், ஜிகினா எதையும் படம் எடுத்த பிறகு அப்படியே போட்டுவிட்டுப் போகாதீர்கள். விழுங்கினால் குடலில் சிக்கி ஆபரேஷன் வரை போகும். லில்லிப் பூங்கொத்தைப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

• பாலைக் காட்டி இழுக்காதீர்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த, முள் எடுத்த மீன் ஒரு துண்டு போதும்.

• பின்னணி அழகாக இருக்கிறதென்று பால்கனிச் சுவரில் ஏற்றாதீர்கள். பூனையும் தவறி விழும். உயரத்திலிருந்து விழுந்தால் எலும்பு முறியும்.

பூனை எழுந்து போய்விட்டதென்றால் அன்றைக்கு ஷூட்டிங் முடிந்தது. பின்னாலேயே துரத்தாதீர்கள், துரத்தினால் மறுநாள் கேமராவைக் கண்டதுமே பீரோவுக்கு அடியில் போய்விடும்.