வரவேற்பு மேசையில் எந்திர மனிதன்

அரசு அலுவலகத்திற்கோ மருத்துவமனைக்கோ செல்லும் உழவர் முதலில் அறிய விரும்புவது, யாரைப் பார்க்க வேண்டும், எந்த அறைக்குப் போக வேண்டும் என்பதையே. இதற்கு விடை கிடைக்காமல் அரை நாள் வீணாவதும், அன்றைய வயல் வேலை கெடுவதும் உண்டு. இப்பணிக்கு ரோபோ எனப்படும் எந்திர மனிதனை அமர்த்தும் முயற்சி பல இடங்களில் நடந்துள்ளது.

பெல்ஜியம் நாட்டில் ஆஸ்டெண்ட், லியேஜ் நகர மருத்துவமனைகள் 2016ஆம் ஆண்டில் 'பெப்பர்' என்னும் ரோபோவை வரவேற்புப் பணியில் ஈடுபடுத்தின. நம் அண்டை மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரம் காவல்துறைத் தலைமையகத்திலும் 2019 பிப்ரவரியில் வேறொரு ரோபோ இப்பணிக்கு வந்தது.

செயல்படும் விதம்

பெப்பர் சுமார் 120 செ.மீ. உயரமும் 28 கிலோ எடையும் உடையது, சக்கரங்களில் நகரும். மார்பில் தொடுதிரையும் தலையில் ஒலிவாங்கிகளும் உள்ளன. கணிப்பொறி நம் பேச்சை எழுத்தாக மாற்றி, முன்பே ஊட்டப்பட்ட செய்திகளோடு ஒப்பிட்டு விடை தருகிறது. ஊட்டாத செய்தி அதற்குத் தெரியாது. அண்மையில் வந்த கருவிகள் தாமாகவே வாக்கியம் அமைத்துப் பேசுகின்றன. ஆனால் தவறான செய்தியையும் தயங்காமல் சொல்லிவிடக்கூடும்.

இரைச்சலே இக்கருவிக்குப் பெரும் பகை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரக் கடையொன்றில் பெப்பரை வைத்துச் சோதித்த நிகழ்ச்சி 2018 சனவரியில் தொலைக்காட்சியில் வெளியானது. சுற்றியிருந்த சத்தத்தில் கேள்விகள் அதற்குப் புரியவில்லை. பீர் எங்கே என்று கேட்டவருக்கு, மதுவகைப் பகுதியில் என்றது. அந்தப் பகுதி எங்கே என்று தெரியாமல்தானே அவர் கேட்டார்! ஒரு வாரத்திலேயே அதை விலக்கிவிட்டனர். பெப்பர் உற்பத்தியும் 2020இல் நிறுத்தப்பட்டது.

பட்டா மாறுதலுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும், எந்தச் சாளரம் என்பன போன்ற வினாக்களுக்கு இத்தகைய கருவி ஏற்றது. மனு ஏன் தள்ளுபடியானது, பயிர்க் காப்பீட்டுத் தொகை ஏன் வரவில்லை என்பவற்றுக்கு, கோப்பைப் பார்த்துப் பொறுப்பேற்கும் அலுவலரே விடை சொல்ல வேண்டும். எனவே ரோபோ வைக்கும் அலுவலகம், அருகில் ஒரு பணியாளரையும் அமர்த்துவது அவசியம்.

இக்கருவியிடம் கேட்கும்போது நேர் எதிரே நின்று, ஒரு நேரத்தில் ஒரே கேள்வியைச் சுருக்கமாகக் கேட்கவும். திரையில் தோன்றும் அறை எண்ணைக் குறித்துக்கொள்ளவும். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைப் பலர் காதில் விழும்படி சொல்ல வேண்டாம். இருமுறை கேட்டும் அதற்குப் புரியவில்லையெனில், பணியாளரிடமே நேரில் கேட்டுக்கொள்ளலாம்.