ஸ்கேனில் தெரிந்த புள்ளி

மேச்சேரித் தம்பிக்கு,

வாரத்தில் நாலு நாள் தலைவலி. ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டில் 'அரக்னாய்டு சிஸ்ட்' என்று ஒரு வரி. அதற்குள் அக்கம்பக்கத்தார் அதை மூளைக்கட்டி ஆக்கியிருப்பார்கள். நீ பயப்படுமுன் வேலூரில் நடந்ததைக் கேள்.

1980களில் வலிப்பு வந்த இளைஞர்கள் பலருக்கு, சி.டி. ஸ்கேனில் சுண்டைக்காய் அளவு வெள்ளை வளையம் ஒன்று தெரிந்தது. காசநோய்க் கட்டி என்று எண்ணி, மாதக்கணக்கில் அதற்கே மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் திசுவை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலும் அங்கே இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்புழு, அதுவும் சாகிற நிலையில்! (பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் வரும், புழுவின் முட்டை அசுத்தமான தண்ணீரிலும் கழுவாத கீரையிலும் வந்து சேரும்.) பலருக்கு அந்த வளையம் தானாகவே மறைந்தது, வலிப்பு மாத்திரையே போதுமானதாக இருந்தது. 20 மில்லிமீட்டருக்கு உட்பட்ட வளையமா, மூளை ஒருபக்கம் தள்ளப்படாமல் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, புழுவையும் காசநோய்க் கட்டியையும் பிரித்தறியும் வழியை 1993இல் வெளியிட்டார்கள்.

ஸ்கேன் புள்ளியை மட்டும்தான் காட்டியது. தப்பான பெயரை வைத்தவர்கள் மனிதர்கள்.

அந்த இளைஞர்களுக்காவது வலிப்புக்கு அந்த வளையம் காரணம். உன்னுடைய சிஸ்ட் பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும் நீர்ப்பை; சிறியதென்றால் தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பது அரிது. அளவையும் இடத்தையும் நரம்பியல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். தொந்தரவே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் இப்படி ஏதாவது தெரிவதுண்டு. நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் 45 வயது தாண்டிய 2,000 பேரை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து 2007இல் முடிவைச் சொன்னார்கள்: 1.8 சதவீதம் பேருக்கு மூளை ரத்தக்குழாயில் வீக்கம், 1.6 சதவீதம் பேருக்குத் தீங்கற்ற கட்டி. யாரும் அதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அல்லர்.

எனக்கு நீர்ப்பையைவிட உன் சட்டைப்பையில் இருக்கும் மாத்திரை அட்டைமேல்தான் சந்தேகம். சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கினால் அதுவே தலைவலியைக் கொண்டுவரலாம். ஒரு நோட்டில் வலி வந்த தேதி, போட்ட மாத்திரை, தூக்கம், காலைச் சாப்பாட்டை விட்ட நாள், ஆட்டுச்சந்தை வெயிலில் நின்ற நாள் எல்லாம் எழுதிவை. அதையும் ஸ்கேன் படத்தையும் எடுத்துக்கொண்டு சேலம் அரசு மருத்துவமனைக்குப் போ.

திடீரென மண்டை பிளக்கும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், வலிப்பு, பார்வை மங்கல், கைகால் பலவீனம் - இவற்றில் ஒன்று வந்தாலும் நோட்டைத் தேடாதே; உடனே 108ஐக் கூப்பிடு.