பெட்டியில் இருக்கும் மெடல் எதற்குக் கொடுத்தது?

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். இத்தாலி வரை போய்த் திரும்பினார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய டிரங்குப் பெட்டியில் நட்சத்திர வடிவில் இரண்டு மெடல்களும் வட்டமாக ஒன்றும் இருக்கின்றன. நாடாவெல்லாம் சாயம் போய்விட்டது. "வீரத்துக்கு வெள்ளைக்காரன் குடுத்தது" என்பார் பாட்டி. அது உண்மைதானா ஐயா? விக்டோரியா கிராஸ் வாங்கியவர்கள் பட்டியலைப் பார்த்தேன், ஒரு தமிழ்ப் பெயர்கூடக் கண்ணில் படவில்லை. நம் பக்கத்து ஆட்கள் யாருமே பெரிய வீர விருது வாங்கவில்லையா?
— ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: முதலில் மெடல் விஷயத்தைப் பார்த்துவிடுவோம் அம்மா. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்களிடம் இருப்பவை போர்க்களப் பணிக்காகக் கொடுத்தவை. ஆறு முனை நட்சத்திரத்தின் நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகளும், அதைச் சுற்றிய வளையத்தில் மெடலின் பெயரும் இருக்கும். ஒன்று '1939-1945 ஸ்டார்' ஆக இருக்கலாம். இத்தாலிக்குப் போனவர் என்றால் மற்றது 'இத்தாலி ஸ்டார்' ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் நாடாவில் நடுவே பச்சை, இரு பக்கமும் வெள்ளை, ஓரங்களில் சிவப்பு என்று இத்தாலியக் கொடியின் நிறங்கள் வரும். மடிப்புக்குள் ஒளிந்த பகுதியை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள், அங்கே சாயம் மிச்சம் இருக்கும். வட்ட மெடலில் டிராகன் மேல் சிங்கம் நின்றால் அது 1939-45 போர் மெடல். இந்தக் களங்களில் குறிப்பிட்ட காலம் பணியாற்றிய எல்லோருக்கும் இவை உண்டு.

வீரத்துக்கென்று தனியாகக் கொடுத்த மெடலானால் அதிலேயே எழுதியிருக்கும். மிலிட்டரி மெடலின் பின்புறம் 'ஃபார் பிரேவரி இன் த ஃபீல்டு' என்ற வரி இருக்கும். 1907-இல் தொடங்கிய இந்தியன் டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் மெடலில் 'ஃபார் டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ்' என்று பொறித்திருப்பார்கள். இன்னொன்றையும் தேடுங்கள். போர் மெடலின் நாடாவில் ஓக் இலை வடிவத்தில் சின்ன வெண்கலத் தகடு குத்தியிருக்கிறதா? தளபதியின் அறிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். கழன்று பெட்டியின் அடியில் கிடக்கவும் கூடும். அது இருந்தால் பாட்டி சொன்னது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டாலும் பாட்டி சொன்னதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். சாப்பர் என்றால் என்ன வேலை என்று தெரிந்தால் நீங்களும் சொல்ல மாட்டீர்கள்.

காலாட்படை முன்னேறுவதற்கு முன்னால் பாதை போடுவது, ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டுவது, எதிரி புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தோண்டி எடுப்பது, இவையெல்லாம் சாப்பரின் வேலை. கண்ணி தேடும் கருவி உலோகம் இருந்தால்தான் சத்தம் கொடுக்கும். ஜெர்மானியர்கள் மரப்பெட்டிக்குள் வைத்துப் புதைத்தவற்றை அதை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வயிற்றை மண்ணில் பதித்துப் படுத்து, பயனட் முனையைச் சாய்வாகச் செருகி, சாணுக்குச் சாண் தடவிக்கொண்டே நகர வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் அழுத்தம் பட்டுவிடும். துழாவி முடித்த இடத்தின் இரு பக்கமும் வெள்ளை நாடா போட்டுக்கொண்டே போவார்கள். பின்னால் வரும் ஆயிரம் பேர் அந்த இரண்டு நாடாவுக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார்கள். நாடா போட்டவன் மீது அவ்வளவு நம்பிக்கை. மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆட்களுக்கு ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் பெயர். இன்றைக்கும் பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் போனால் அந்தப் படைப்பிரிவின் ஆட்களை அப்படித்தான் சொல்வார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் அந்தத் தம்பிகளிடம்தான் இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கம் கிராமத்தில் 1912-இல் பிறந்த சுப்பிரமணியம் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்து சுபேதார் ஆனார். 1944 பிப்ரவரியில் நான்காவது இந்திய டிவிஷன் இத்தாலியில் காசினோ மலைப் போரில் இருந்தது. அந்த டிவிஷனைச் சேர்ந்த 11-ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியில் அவர் இருந்தார். பிப்ரவரி 24 அன்று மிக்னானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு கண்ணி விசை தட்டிவிட்டது. மிதித்ததும் வெடிக்காமல் சில நொடி தாமதித்து வெடிக்கும் கண்ணிகள் அந்தப் போரில் ஏராளம். அந்தச் சில நொடியில் ஆளுக்கொரு பக்கம் விழுந்து தப்பப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. சுபேதார் கண்ணியின் மேலேயே விழுந்தார். உடன் இருந்தவர்கள் மேல் பாய வேண்டிய சிதறலைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 31. 1944 ஜூன் 30 லண்டன் கெஜட்டில் ஜார்ஜ் கிராஸ் அறிவிப்பு வந்தது. அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் என்று அவரையே குறிப்பிடுகிறார்கள். நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்தப் பெயர் இல்லாதது எனக்கு ஆறாத வருத்தம்.

ஜார்ஜ் கிராஸ் என்றால் விக்டோரியா கிராஸுக்கு அடுத்த படி என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே உயரத்தில் வைக்கப்பட்டவை. எதிரியோடு நேருக்கு நேர் நிற்கும்போது காட்டிய வீரத்துக்கு விக்டோரியா கிராஸ். எதிரி எதிரில் இல்லாதபோது, பெரும்பாலும் அடுத்தவர் உயிரைக் காப்பதற்காகத் தன் உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்களுக்கு ஜார்ஜ் கிராஸ். லண்டன் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த 1940 செப்டம்பரில், முக்கியமாகப் பொதுமக்களை மனத்தில் வைத்து, ஜார்ஜ் கிராஸையும் அதற்கு அடுத்ததாக ஜார்ஜ் மெடலையும் ஆறாம் ஜார்ஜ் தொடங்கினார்.

விக்டோரியா கிராஸ் பட்டியலில் தமிழ்ப் பெயர் இல்லாததற்குக் காரணம் வீரக் குறைவு இல்லை. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டவர் போருக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முடிவு கட்டினார். பிறகு இந்தியப் படை முழுவதற்கும் அவரே தலைமைத் தளபதியானார். 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்று சிலவற்றைப் பொறுக்கி அவர்களைக் கொண்டே காலாட்படையை நிரப்பும் கொள்கை அவர் காலத்தில் வேரூன்றியது. மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, முதல் உலகப் போர் முடிந்த பத்தாண்டுக்குள் இல்லாமலே ஆக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்த பின்புதான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி உருவானது. இந்தியச் சிப்பாய்களுக்கு விக்டோரியா கிராஸ் உண்டு என்று 1911-இல்தான் அறிவித்தார்கள். 1914 அக்டோபரில் பெல்ஜியத்தில் போரிட்ட குதாதாத் கான் அதைப் பெற்ற முதல் இந்தியச் சிப்பாய். அந்த வாசல் திறந்த காலத்தில் நம்மவர்களைக் காலாட்படை வரிசையிலிருந்தே விலக்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்தவை சாப்பர், லாரி டிரைவர், ஸ்டிரெச்சர் தூக்குபவர், தொழிலாளர் படை. இந்த வேலைகளில் இருந்தவன் உயிரைக் கொடுத்தால் அது பெரும்பாலும் ஜார்ஜ் கிராஸ் கணக்கில்தான் வரும், வந்தால்.

சீருடை போடாதவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஒருவரைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மலேயாவின் ஈப்போவில் டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி சிபில் கார்த்திகேசு. டாக்டர், தைப்பிங்கில் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். சிபில் ஐரிஷ்-யூரேசியக் குடும்பத்துப் பெண், பயிற்சி பெற்ற நர்ஸ், கான்டனீஸ் சரளமாகப் பேசுவார். 1941 கடைசியில் ஈப்போவில் ஜப்பானியர் குண்டு போட்டதும் குடும்பம் பாப்பான் என்ற ஈயச் சுரங்க ஊருக்குப் போனது. காட்டுக்குள் இருந்து போராடிய கெரில்லாக்கள் காயத்தோடு இரவில் பின்வாசல் வழியாக வருவார்கள். சிபில் மருந்து போட்டு அனுப்புவார். ரகசியமாக வைத்திருந்த ரேடியோவில் பிபிசி கேட்டுச் செய்தியும் சொல்வார். அந்த ரேடியோவுக்கு வைத்த பெயர் ஜோசஃபின்.

1943-இல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பேய்தாய் அவரைப் பிடித்தது. கெரில்லாக்களின் பெயரைச் சொல் என்று அடித்தார்கள், முதுகெலும்பு சேதமானது. அவர் கண் முன்னாலேயே சின்ன மகள் டானை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். சிபில் ஒரு பெயரும் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வந்த ஒரு ஜப்பானிய அதிகாரி நிறுத்தச் சொன்னதால் குழந்தை பிழைத்தது. போர் முடிந்து பத்து காஜா சிறையிலிருந்து வெளியே வந்தபோது சிபிலால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்குப் பிரிட்டன் போன இடத்தில் மன்னர் கையால் ஜார்ஜ் மெடல் வாங்கினார். 1948 ஜூனில், அந்தச் சித்திரவதையின் காயங்களாலேயே இறந்தார். ஸ்காட்லாந்தில் அடக்கம் செய்த உடலை 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதே ஆண்டுகளில் மலேயா தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுச் செத்த தமிழர்கள் பல்லாயிரம். அங்கே காய்ச்சலில் கிடந்தவனுக்குத் தன் கஞ்சியைக் கொடுத்தவன் யாரென்று எழுதி அனுப்ப அதிகாரி எவரும் இல்லை. மெடலுக்குச் சிபாரிசு செய்ய ஒரு சாட்சியாவது உயிரோடு இருக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மெடலைப் புளி போட்டோ பிராஸோ போட்டோ தேய்க்காதீர்கள். பிரிட்டிஷ் சிப்பாய்களின் இரண்டாம் உலகப் போர் மெடல்களில் பெயர் இருக்காது. இந்தியப் படைக்குக் கொடுத்தவற்றில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருப்பார்கள். நட்சத்திரமானால் பின்பக்கம், வட்டமானால் விளிம்பு. தேய்த்தால் போய்விடும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்து எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார். எண் மாறாது. அந்த எண்ணோடு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் (மெட்ராஸ் சாப்பர்ஸ்தான்) ஆவணப் பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். பழைய லண்டன் கெஜட் முழுவதையும் இணையத்தில் காசில்லாமல் தேடலாம். எண் கிடைத்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள், நானும் தேடிப் பார்க்கிறேன்.