இரண்டு திவான்கள், ஒரே ஆண்டு

மட்டாஞ்சேரி

அன்புள்ள தம்பி,

எறணாகுளம் சண்முகம் ரோட்டுக்குப் பெயர் தந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் ‘சர்’ பட்டம் வாங்கியவர்தானே, வெள்ளைக்காரனுக்குக் கைகட்டி நின்றவர் பெயரில் எதற்குச் சாலை என்று வகுப்பில் கேட்டாய். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. பட்டத்தை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் எனக்கு எரிச்சல் தருகிறது.

1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைத் தந்தவர் அவர் என்பது உனக்குத் தெரியும். நீ பார்க்க வேண்டியது 1935 முதல் 1941 வரை அவர் கொச்சி திவானாக இருந்த காலத்தை. துறைமுகமே அவரால் வந்தது என்பாரும் உண்டு, அது தவறு. ‘பத்மா’ கப்பல் 1928 மே 26 அன்றே உள்துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. அவருடைய ஆண்டு 1938.

அந்த ஆண்டுதான் கொச்சியில் இரட்டையாட்சிச் சட்டம் வந்தது. சமஸ்தானங்களில் இதுவே முதல்முறை. தேர்தலில் வென்ற அம்பாட்டு சிவராம மேனோன் அமைச்சரானார். விவசாயம், கூட்டுறவு, பொதுச் சுகாதாரம், பஞ்சாயத்து போன்றவை அவர் பொறுப்பு. மற்றதெல்லாம் திவான் கையில். அரைகுறை அதிகாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் தெற்கே பார். அதே 1938, அதே ‘சர்’, அங்கும் ஒரு தமிழர்: திருவிதாங்கூர் திவான் சி.பி. ராமசாமி ஐயர். பொறுப்பாட்சி கேட்ட ஸ்டேட் காங்கிரஸ் தலைவர்களுக்குச் சிறை. ஆகஸ்டு 31இல் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச்சூடு. இந்த இருவரையும் ஒரே பட்டத்துக்குள் எப்படி அடைப்பாய்?

அதற்காகச் செட்டியாரைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். திருவிதாங்கூர் 1936இலேயே எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்டது. கொச்சியில் அவர் திவானாக இருந்தவரை திறக்கவில்லை. மன்னருக்கு மனமில்லை என்று சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை.

இன்னொன்று. பதவி விட்டுப் போன பிறகு, 1946இல், சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு அவர் உரை வெளியிட்டார். கண்ணகியே பகவதி என்று சொல்லப்படும் கொடுங்கல்லூர் அன்று கொச்சிச் சீமைக்குள் இருந்தது. சேரநாட்டில் கழித்த ஆறு ஆண்டுகள்தான் அவரை இளங்கோவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன என்பது என் துணிபு. சான்று கேட்காதே, படித்துப் பார். வயிற்றுப்பாட்டுக்கு எழுதிய உரை அல்ல அது. வரவுசெலவுக் கணக்கில் ஊறிய ஒருவர் காவியத்தில் தோய்ந்து எழுதியது. நான் திரும்பத் திரும்ப எடுக்கும் புத்தகங்களில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எடுத்துப் போ. ஓரத்தில் பேனாவால் கோடு போடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்