ஓடுதளத்திலிருந்து பந்தயக் களத்திற்கு



நாம் வாழும் சாந்த்ராகாச்சியை ஒட்டிக் கோனா விரைவுச்சாலை செல்கிறது. அதன் வழியே சென்று தேசிய நெடுஞ்சாலை 16-ஐ அடைந்தால், ஒடிசாவையும் ஆந்திரத்தையும் கடந்து சென்னைக்குப் போய்ச் சேரலாம். நம்மில் பெரும்பாலோர் விடுமுறைக்கு ரயிலில் ஊர் செல்பவர்கள். ஆதலால் இந்தச் சாலையின் மறுமுனையை நாம் பார்த்ததில்லை. சென்னை நகருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னர் அது சோழவரம் என்னும் ஊரைக் கடக்கிறது. இப்பாடத்தில் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு.

2023 செப்டம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. தில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத்தா பந்தயக் களத்தில், மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உலக வாகையர் போட்டியாகிய மோட்டோஜிபி முதன்முறையாக இந்திய மண்ணில் நடைபெற்றது. மறுநாள் தமிழ் வகுப்பில் பாடம் நடத்த இயலவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவர் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

“மார்கோ பெசெக்கி எட்டு நொடிக்கும் மேலான இடைவெளியில் வென்றார். வேறென்ன வேண்டும்?”

“பன்யாயா வழுக்கி விழாதிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாமிடம் பெற்ற மார்ட்டினைப் பார்த்தாயா? பந்தயம் முடிந்ததும் வெப்பம் தாளாமல் சோர்ந்துவிட்டார்.”

முன்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, “அதெல்லாம் இருக்கட்டும். இத்தகைய பந்தயம் கொல்கத்தாவில் ஏன் நடப்பதில்லை?” என்று கேட்டாள்.

அதற்கு முதலாமவன் கூறிய விடை இதுதான்: “கோனா சாலை இருக்கிறதே! விடியற்காலையில் நேராகவும் அகலமாகவும் வெறிச்சோடிக் கிடக்கிறது. அங்கே ஓட்டினால் ஆகாதா?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரான, அகலமான, வெறிச்சோடிய பாதை இருந்தால் போதும் என்றுதான் நம் நாட்டில் மோட்டார் பந்தயம் நடத்திய முன்னோடிகளும் எண்ணினர்.

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவின் பல இடங்களில் விமான ஓடுதளங்கள் அமைக்கப்பட்டன. போர் முடிந்தபின் அவற்றுள் சில பயனின்றிக் கிடந்தன. சோழவரம் ஓடுதளம் அவற்றுள் ஒன்று. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்குப் பல்லாண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. முன்வரிசை மாணவியின் கேள்விக்கும் இங்கே பாதி விடை கிடைக்கிறது: ஊக்ளி ஆற்றங்கரையில் உள்ள பராக்பூர் ஓடுதளத்திலும் அக்காலத்தில் பந்தயங்கள் நடந்தன. இன்று அது விமானப்படை நிலையம்.

என் தாய்மாமா இளமையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு, நண்பர்களுடன் மிதிவண்டியில் சோழவரம் சென்றவர். வென்றவர் பெயர்கள் அவருக்கு மறந்துவிட்டன. மணம் மட்டும் மறக்கவில்லை. அந்நாளில் பந்தய வண்டிகளின் எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த மசகெண்ணெயை ஊற்றுவர். “ஊரெல்லாம் விளக்கெண்ணெய் காய்ச்சியது போல இருக்கும்” என்பார்.

ஓடுதளத்திற்கு ஒரு குறை உண்டு. அது விமானத்திற்காக அமைந்தது. விமானம் நேராக ஓடி மேலெழும். பந்தயமோ திருப்பங்களில்தான் நடக்கிறது. நேர்ப்பாதையில் எஞ்சினின் வலிமை தெரியும். திருப்பத்தில்தான் ஓட்டுபவரின் திறமை தெரியும். ஆகவே கிளப்பினர் திருப்பெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஒரு களம் அமைத்தனர். அது 1990-இல் திறக்கப்பட்டது. அதன் நீளம் 3.717 கிலோமீட்டர், திருப்பங்கள் 12. பின்னர்க் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் மற்றொரு களம் எழுந்தது. பந்தயக் கார்களை வடிவமைத்த கரிவரதன் நினைவாக அது ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ எனப் பெயர் பெற்றது. தேசிய வாகையர் போட்டியின் சுற்றுகள் பெரும்பாலும் இவ்விரு களங்களில்தான் நடைபெறுகின்றன. மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பொறுத்தவரை, நீங்கள் விடுமுறைக்குச் செல்லும் மாநிலமே இந்தியாவின் தலைநகரம் என்று சொன்னால் அது மிகையன்று.

கல்லூரியில் படித்தபோது என் அண்ணனுடன் இருங்காட்டுக்கோட்டைக்குச் சென்றேன். வண்டிகளைவிட வேறொன்று என் கண்ணில் பட்டது. ஒவ்வொரு திருப்பத்திற்கும் வெளிப்புறத்தில் நிலம் வெறுமையாகக் கிடந்தது. ‘இவ்வளவு இடத்தை வீணாக்கியிருக்கிறார்களே!’ என்று நான் சொன்னேன். சிறிது நேரத்தில் ஒரு வண்டி திருப்பத்தில் வழுக்கியது. ஓட்டியவர் தரையோடு சறுக்கி, அந்த வெற்று நிலத்தில் வெகுதூரம் சென்று நின்றார். கொடி பிடித்திருந்த பணியாளர்கள் ஓடிவந்தனர். அவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு நடந்தார். அந்த இடத்தில் ஒரு விளக்குக் கம்பமோ, சாலைத் தடுப்புச் சுவரோ இருந்திருந்தால் அவர் எழுந்திருக்கமாட்டார். நான் வீண் என்று சொன்ன நிலந்தான் களத்தின் விலைமதிப்பற்ற பகுதி என்பது அன்று விளங்கியது.

மோட்டோஜிபி வண்டிகளுக்கு இந்த நிலம் இன்னும் அதிகமாகத் தேவை. 2023-இல் இத்தாலியின் முகெல்லோ களத்தில் பிராட் பைண்டர் மணிக்கு 366.1 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அதாவது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர். நம் நிலையத்தில் நிற்கும் 24 பெட்டிகள் கொண்ட ரயிலைத் தலை முதல் வால் வரை கடக்க அந்த வேகத்திற்கு ஆறு நொடிகள் போதும். அவ்வேகத்தில் செல்லும் வண்டிக்காகப் பல களங்களில் சரளைக்கல் படுகைகளும் காற்றடைத்த தடுப்புகளும் வைக்கப்படுகின்றன. 2018 முதல் வீரர்கள் அணியும் தோலாடைக்குள் காற்றுப்பையும் கட்டாயம். உலகப் பந்தயம் நடத்த விரும்பும் களத்தை வல்லுநர்கள் நேரில் ஆராய்ந்து ஒப்புதல் தரவேண்டும். களம் மட்டுமன்று, வானிலையும் கணக்கில் கொள்ளப்படும். புத்தா களத்தில் 24 சுற்றுகளாக இருந்த முதன்மைப் பந்தயம், கடும் வெப்பத்தின் காரணமாக 21 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டது. அந்த 21 சுற்றுகளைப் பெசெக்கி ஏறத்தாழ 37 நிமிடங்களில் முடித்தார். மறு ஆண்டு அப்பந்தயம் இந்தியாவில் நடைபெறவில்லை.

இவ்வளவு காப்பு இருந்தும் களத்தில் உயிர்கள் போவதுண்டு. 2023-ஆம் ஆண்டில் மட்டும் இருங்காட்டுக்கோட்டையில் இருவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் பதின்மூன்று வயதுச் சிறுவர். இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பொய்யாகிவிடும்.

இனிக் கோனா சாலைக்கு வருவோம். அன்று அந்த மாணவனிடம் நான் சில கேள்விகளைக் கேட்டேன். களத்தில் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் செல்லும். கோனா சாலையில்? “எதிர்ப்புறத்திலும் சிலர் வருவார்கள்” என்றான். களத்தில் குறுக்கே எவரும் வரமாட்டார்கள். இங்கே? “டோட்டோ வண்டி வரும். சரக்குந்துகள் ஓரத்தில் நிற்கும்.” திருப்பத்திற்கு வெளியே என்ன இருக்கிறது? அவன் சற்று யோசித்து, “கம்பித் தடுப்பு. பாலத்தில் என்றால் கீழே தண்டவாளம்” என்றான். அவனுடைய தந்தை ரயில்வேயில் பணிபுரிபவர்.

பின்பு அவன் கேட்டான்: “அப்படியானால் எங்களுக்குக் களம் எங்கே?”

நல்ல கேள்வி. கொல்கத்தாவில் அத்தகைய நிலையான களம் இன்று இல்லை. ஆர்வமுள்ள ஒருவன் 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் செல்லவேண்டியிருக்கிறது. அங்கே முறையான பயிற்சி தருபவர்கள் உள்ளனர். “விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அப்பாவிடம் கேட்கிறேன்” என்று சொல்லி அவன் அமர்ந்தான். முன்வரிசை மாணவி மட்டும் பராக்பூரைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

சொல் அறிவோம்

வாகை என்பது ஒரு மரம். பண்டைத் தமிழர் போரில் வென்றபோது அதன் பூவைச் சூடினர். ‘வாகை சூடினான்’ என்றால் ‘வென்றான்’ என்பது பொருள். சாம்பியன் என்பதை ‘வாகையர்’ என்று நாம் எழுதுவது இதனால்தான். வங்காளத்தில் இம்மரத்தைச் சிரீஷ் என்பர். உங்கள் குடியிருப்பில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பயிற்சி

1. ‘களம்’ என்னும் சொல்லைச் சேர்த்து வழங்கும் சொற்கள் மூன்றினை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. (சான்று: போர்க்களம்)

2. ஓடுதளம், பந்தயக் களம், நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் எவ்வெவற்றில் வேறுபடுகின்றன? ஐந்து தொடர்களில் விளக்குக.

3. திருப்பங்களுக்கு வெளியே உள்ள வெற்று நிலத்தை ஆசிரியர் முதலில் என்னவென்று கருதினார்? அக்கருத்து எதனால் மாறியது?

4. புத்தா களத்தின் ஒரு சுற்று மோட்டோஜிபிக்கு 4.96 கிலோமீட்டர் எனக் கொண்டால், பெசெக்கி ஓட்டிய மொத்தத் தொலைவு எவ்வளவு? விடையை எழுத்தால் எழுதுக.

5. “அப்படியானால் எங்களுக்குக் களம் எங்கே?” என்று கேட்ட மாணவனுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதுக.